செங்குருதி கற்பித்த பாடம்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் நம் நாட்டு வீடுகளிலே ஒரு கேள்வி எழுவதுண்டு. பிள்ளைக்கு மருத்துவத்துறை கிடைத்துவிட்டால் அக்கேள்வி எழுவதில்லை. பொறியியல் கிடைத்தாலும் எழுவதில்லை. "நான் மூலக்கூற்று உயிரியல் கற்கப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லும்போதுதான் தகப்பனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அதைப் படித்து என்ன உத்தியோகம் பார்க்கிறது?" என்று கேட்கிறார்.

இக்கேள்வியை நாம் இகழ்ந்துவிடலாகாது. வயலை ஈடுவைத்தும் நகையை விற்றும் பிள்ளையைப் படிப்பிக்கும் தந்தைக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் இதற்கு விடை கூற உத்தியோகங்களின் பட்டியல் ஒன்று போதாது. இத்துறையில் முன்னே சென்றவர்கள் எந்த வழியாற் போனார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதே தகுந்த விடையாகும். ஆகவே இன்று நமது உடலிலே ஓடும் செங்குருதியின் ஒரேயொரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அதன் பின்னே நடந்த மாணவர் சிலரைப் பின்தொடர்வோம்.

முதலில், மூலக்கூற்று உயிரியல் என்பது யாது? உயிருள்ளன மூச்சு விடுகின்றன, வளர்கின்றன, தம்மைப் போன்ற பிறவற்றைத் தோற்றுவிக்கின்றன. இக்காரியங்களை எல்லாம், அவற்றின் கலங்களுக்குள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் வடிவத்தையும் அமைப்பையும் கொண்டு விளக்க முயலும் கல்வியே அது. 1938ஆம் ஆண்டிலே ரொக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த வாரன் வீவர் என்பவர் தமது அறிக்கை ஒன்றில் இப்பெயரை வழங்கினார். பெயர் தோன்றும்போதே அதற்குரிய வேலை தொடங்கிவிட்டிருந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் வியன்னா நகரத்து மாணவர்.

அவர் பெயர் மாக்ஸ் பெரூட்ஸ். 1914ஆம் ஆண்டிலே, நெசவு ஆலைகளை நடத்திய செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். மகன் சட்டம் பயின்று குடும்ப வியாபாரத்தை நடத்த வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் பள்ளிக்கூடத்திலே ஓர் ஆசிரியர் இரசாயனத்தில் அவருக்கு ஆசையை மூட்டிவிட்டார். 1932ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, இரசாயனம் பயின்றார். உயிர்ப் பொருள்களின் இரசாயனத்தைப் பற்றிய விரிவுரைகளைக் கேட்டபோது, அத்துறை சிறந்து விளங்கிய கேம்பிரிட்ஜுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று. 1936ஆம் ஆண்டு, தகப்பனார் கொடுத்த பணத்தோடு அங்கே சென்று, கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் ஜே. டி. பேர்னால் என்னும் அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவரானார்.

பேர்னாலும், டொரதி குரோபுட் என்னும் மாணவியும் 1934ஆம் ஆண்டிலே ஓர் அரிய காரியத்தைச் செய்திருந்தார்கள். பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்கை உலரவிடாமல் ஈரமாகவே வைத்து, அதனூடாக எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, தெளிவான புள்ளிகள் நிறைந்த படம் ஒன்றை எடுத்தார்கள். புரதம் என்பது ஒழுங்கற்ற கூழன்று. அதன் அணுக்கள் ஒவ்வொன்றும் திட்டமான இடத்தில் நிற்கின்றன என்பதை அப்படம் உணர்த்திற்று. இடம் திட்டமானதென்றால், என்றாவது ஒருநாள் அதைக் கண்டுபிடிக்கவும் கூடும் அன்றோ?

1937ஆம் ஆண்டிற் பெரூட்ஸ் தமக்கென ஒரு புரதத்தைத் தேர்ந்துகொண்டார். அதுதான் ஈமோகுளோபின், நமது குருதிக்குச் செந்நிறத்தைத் தருவது, நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் சென்று இறக்கிவிட்டு வருவது. அதன் ஒரு மூலக்கூறில் ஏறத்தாழ 10,000 அணுக்கள் உண்டு. அக்காலத்தில் எக்ஸ்-கதிர் முறையால் அமைப்பு அறியப்பெற்ற கரிமப் பொருள்களுள் மிகச் சிக்கலானது ஒரு சாயப்பொருள். அதில் இருந்தவையோ 58 அணுக்களே. 58 அணுக்களைக் கண்ட முறையால் 10,000 அணுக்களைக் காண முயல்வதைச் சக மாணவர்கள் இரக்கப் புன்னகையோடு பார்த்தார்கள். பிள்ளை ஆற்றை இறைத்து மீன்பிடிக்கப் போகிறான் என்றே நம்மவர் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, 1938இல், ஹிட்லரின் படை ஒஸ்திரியாவினுட் புகுந்தது. யூத வழிவந்த அக்குடும்பத்தின் ஆலைகள் பறிக்கப்பட்டன. பெற்றோர் அகதிகளாயினர். தகப்பனாரின் பணத்தை நம்பிப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒரே நாளில் ஏதிலியானார். அவ்வாண்டு கவென்டிஷின் தலைமையை ஏற்ற லோரன்ஸ் பிராக், பெரூட்ஸ் காட்டிய ஈமோகுளோபின் படங்களைக் கண்டு வியந்து, ரொக்பெல்லர் அறநிலையத்திடமிருந்து அவருக்கு உதவிப்பணம் பெற்றுக்கொடுத்தார். 1939ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அது கிடைத்தது. அந்தச் சம்பளத்தைக் கொண்டே அவர் தம் பெற்றோரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ளவும் முடிந்தது.

நேயர்களே, இவ்விடத்திற் சிறிது நின்று சிந்திப்போம். சட்டம் படித்து வியாபாரத்தைப் பார் என்று சொன்ன பெற்றோரைக் காப்பாற்றியது அவ்வியாபாரமா? அது களவு போயிற்று. யாருக்கும் பயன்படாது என்று கருதப்பட்ட ஒரு மூலக்கூறின் புகைப்படங்களே அவர்களுக்கு அடைக்கலம் தந்தன. கல்வியைக் கள்வர் கவர முடியாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வெறும் உபசார வார்த்தையன்று.

ஆயினும் இன்னல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1940ஆம் ஆண்டில், ஒஸ்திரியாவிற் பிறந்தவர் என்ற காரணத்தாலே பெரூட்ஸ் பகைநாட்டார் எனப் பிடிக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். 1941ஆம் ஆண்டில் விடுதலை பெற்றுத் திரும்பினார். யுத்தம் முடிந்தபின் மீண்டும் பளிங்குகளிடம் வந்தார். 1947ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிச் சபை கேம்பிரிட்ஜில் ஒரு சிறு பிரிவை நிறுவிற்று. பெரூட்ஸ் அதன் தலைவர். ஜோன் கென்ட்ரூ அவருடைய துணைவர். தொடக்கத்தில் அப்பிரிவு இவ்வளவே.

இவ்வளவு காலமும் வேலை ஏன் நீண்டது? வானொலி நேயர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஒரு கச்சேரியைப் பற்றி, எந்த வாத்தியம் எவ்வளவு உரக்க ஒலித்தது என்ற கணக்கு மாத்திரம் உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தக் கணத்தில் தொடங்கியது என்பது தெரியாது. அக்கணக்கைக் கொண்டு அன்று வாசித்த இராகத்தை மீட்க இயலுமா? எக்ஸ்-கதிர்ப் படத்தின் நிலையும் அத்தகையதே. புள்ளிகளின் பிரகாசம் தெரியும். அலைகள் ஒன்றுக்கொன்று எப்படி முன்பின்னாக வந்தன என்பது தெரியாது. 1953ஆம் ஆண்டிற் பெரூட்ஸ் இதற்கு வழி கண்டார். ஈமோகுளோபின் மூலக்கூறோடு பாரமான இரச அணுக்களைச் சேர்த்து மறுபடியும் படம் எடுத்தார். தெரிந்த வாத்தியம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தபோது முழு ஒலியும் எவ்வாறு மாறிற்று என்று பார்த்து, மற்றவற்றின் நிலையைக் கணித்தறிவது போன்றது அம்முறை.

1957ஆம் ஆண்டில், தசையில் ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிறிய புரதத்தின் உருவத்தைக் கென்ட்ரூ முதன்முதலிற் கண்டார். 1959ஆம் ஆண்டில் ஈமோகுளோபினின் உருவமும் வெளிப்பட்டது. நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றும் திமிங்கிலத்தின் தசையிலிருந்து எடுத்த கென்ட்ரூவின் மயோகுளோபினைப் போலவே மடிந்திருந்தது. குதிரையின் குருதிக்கும் திமிங்கிலத்தின் தசைக்கும் இருந்த பழைய உறவு அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. 1937இலிருந்து எண்ணினால் 22 ஆண்டுகள். 1962ஆம் ஆண்டில் பெரூட்ஸும் கென்ட்ரூவும் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அதே ஆண்டில், அதே பிரிவில் 1953இல் டி. என். ஏ.யின் அமைப்பைக் கண்ட கிரிக், வாட்சன் ஆகியோரும், லண்டனில் அவ்வமைப்பை ஆராய்ந்த வில்கின்ஸும் மருத்துவத்துக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

"பரிசு பெற்றவர்களின் கதை நமக்கு எதற்கு? நோயாளிக்கு இதனால் என்ன?" என்று தகப்பனார் மறுபடியும் கேட்கக்கூடும். அதற்கும் இதே மூலக்கூறு விடை தருகிறது.

ஆபிரிக்க வழியினர் பலரிடம் காணப்படும் ஒரு நோயிலே, வட்டமான செங்குழியங்கள் அரிவாள்போல வளைந்து இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். 1949ஆம் ஆண்டில் லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும், இது ஈமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள குறை என்று காட்டினார்கள். குறை எவ்விடத்தில்? நாட்சிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பிவந்த வேர்னன் இங்கிராம் என்னும் இரசாயனவியலாளர் பெரூட்ஸின் பிரிவிலே அதைத் தேடினார். புரதத்தைத் துண்டு துண்டாக்கி, நனைந்த தாளிலே பரவச் செய்து ஒப்பிட்டார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் விடை கிடைத்தது. 146 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலியிலே ஒன்று, ஒன்றே ஒன்று, மாறியிருந்தது. ஓர் எழுத்துப் பிழையினால் ஒரு மனிதன் நோயாளியாகிறான் என்பதை உலகம் அன்றுதான் முதன்முறையாகக் கண்டது.

இதே மூலக்கூறைப் பற்றிய வேறொரு நோய் நம் நாட்டுக்கும் உரியது. அது தலசீமியா. இந்நோயில் ஈமோகுளோபினின் ஒருவகைச் சங்கிலி போதிய அளவு உண்டாவதில்லை. துணையற்று மிஞ்சிய மற்றச் சங்கிலிகள் படிந்து செங்குழியங்களைக் கெடுத்துவிடுகின்றன. குழந்தை வெளிறிச் சோர்கிறது. ஏறத்தாழ மாதந்தோறும் அதற்குப் பிறருடைய இரத்தம் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடுவதனால், அதை வெளியேற்ற மருந்தும் வேண்டும்.

லிவர்பூலில் மருத்துவம் கற்ற டேவிட் வெதரால் என்னும் இளைஞர் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, கூர்க்காப் படைவீரர் ஒருவருடைய சிறு மகள் காரணம் அறியப்படாத இரத்தச்சோகையால் வாடுவதைக் கண்டார். அது தலசீமியா என்று அறிந்த நாள்முதல் அந்நோயே அவருடைய வாழ்நாட் கல்வியாயிற்று. மிஞ்சிய சங்கிலிகளின் கணக்கை அளந்து காட்டும் முறையை 1965ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். 1989ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டிலே மூலக்கூற்று மருத்துவ நிறுவகம் ஒன்றை அவர் தொடங்கினார். 1990களில் அவர் நம் நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து குருநாகலில் ஆராய்ச்சி நடத்தினார். ஒரே பிழையைப் பரம்பரையாகப் பெற்ற இரு குழந்தைகளுள் ஒன்று ஓடி விளையாட, மற்றது படுக்கையிற் கிடப்பது ஏன் என்ற கேள்வியே அங்கு ஆராயப்பட்டது. இலங்கையில் இந்நோயின் பரவலைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2000ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

இதற்கிடையில், ஹொங்கொங்கிற் பிறந்து சான் பிரான்சிஸ்கோவிற் பணியாற்றிய மருத்துவர் யூட் வாய் கானும் அவருடைய துணைவர்களும், கருவில் இருக்கும் குழந்தைக்கு ஒருவகைத் தலசீமியா உண்டா என்பதை டி. என். ஏ.யைக் கொண்டே அறியலாம் என்று 1976ஆம் ஆண்டிற் காட்டினார்கள். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் நடைபெறும் பரம்பரைச் சோதனைகள் பலவற்றுக்கு அது முன்னோடி.

இனி, கல்வி எப்படித் தன் வழியை விட்டு வேறொரு வழியிற் பயன்தரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒக்ஸ்போர்டில் உயிர்-இரசாயனம் கற்ற அலெக் ஜெவ்ரிஸ், லெஸ்டர் பல்கலைக்கழகத்திலே மயோகுளோபினுக்குரிய பரம்பரை அலகை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது கென்ட்ரூவின் அதே மயோகுளோபின்தான். அதனுள்ளே திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர் ஒன்றைக் கண்டு, அதைத் துணைகொண்டு தேடியபோது, 1984ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, ஒவ்வொரு மனிதனுக்கும் தனித்தனியாக அமைந்த டி. என். ஏ. கோலம் ஒன்று அவர் முன் தோன்றிற்று. சில ஆண்டுகளில் அது நீதிமன்றத்துக்குச் சென்றது. அப்பகுதியில் நடந்த கொலையொன்றைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் குற்றமற்றவன் என்று அச்சோதனை முதலிலே காட்டிற்று. பின்னரே உண்மைக் குற்றவாளி பிடிபட்டு, 1988ஆம் ஆண்டில் தண்டனை பெற்றான். தசையின் செந்நிறத்தைப் பற்றிய படிப்பு ஒரு நிரபராதியைச் சிறையிலிருந்து மீட்கும் என்று எந்தப் பாடத்திட்டத்திலே எழுதியிருந்தது?

கதையின் கடைசிக் கட்டமும் ஒரு மாணவரிடமே தொடங்குகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறொரு வகை ஈமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் உடல் அதன் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அதை நிறுத்தாமல் வைத்தால், கெட்டுப்போன ஈமோகுளோபினுக்கு அது ஈடுகட்டும். 2008ஆம் ஆண்டில் விஜய் சங்கரன் என்னும் மாணவர், ஹார்வர்டிலே ஸ்டுவர்ட் ஓர்கின் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திலிருந்து, அதை அடக்கிவைக்கும் பரம்பரை அலகு இன்னதென்று காட்டினார். டி. என். ஏ.யை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் முறையை 2012ஆம் ஆண்டிலே சார்பென்டியே, டௌட்னா என்னும் இரு பெண் அறிஞர்கள் வெளியிட்டனர். இரண்டும் இணைந்தன. நோயாளியின் எலும்பு மச்சையிற் செங்குழியங்களை உண்டாக்கும் மூலக் கலங்களை வெளியே எடுத்து, அந்த அடக்குமுறையைத் தளர்த்தி, மீண்டும் அவருக்கே செலுத்தும் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு நவம்பரிற் பிரித்தானியா அனுமதி அளித்தது. அரிவாட்கல நோய்க்கும் தலசீமியாவுக்கும் அது வழங்கப்படுகிறது.

இங்கே நாம் வெற்றி முழக்கம் செய்து பேச்சை முடித்துவிடலாகாது. அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு ஒருவருக்கென இடப்பட்ட விலை 22 இலட்சம் டொலர். குருநாகல் வைத்தியசாலையிலே மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் சிறுமிக்கும் அந்தத் தொகைக்கும் இடையேயுள்ள தூரம் மிகப் பெரிது. பெரூட்ஸுக்குக் கிடைத்த 22 ஆண்டுகளைப் போலவே, இத்தூரத்தைக் கடக்கவும் ஆண்டுகள் வேண்டும், ஆட்களும் வேண்டும். இதற்குள் செய்யக்கூடியவையும் உண்டு. பெற்றோர் இருவரும் இக்குறையைத் தம்முள்ளே மறைவாகத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுற்றுப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தால் அதை முன்கூட்டியே அறியலாம். அச்சோதனையைப் பிழையின்றிச் செய்வோரும், அதன் முடிவை அந்த இளைஞருக்கும் யுவதிக்கும் அவர்கள் மனம் நோகாமல் விளக்கத் தெரிந்தோரும் நமக்கு வேண்டும்.

ஆகவே, மேசைமேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுக் காத்திருக்கும் தகப்பனாருக்கு நாம் என்ன சொல்வோம்? முதலில் உண்மையைச் சொல்வோம். ஐயா, இப்படிப்பு முடிந்த மறுநாளே வாசலிற் பெயர்ப்பலகை தொங்கவிடும் படிப்பன்று. முதற் பட்டத்தின் பின்னும் பலர் மேலே படிக்க வேண்டியிருக்கும். உயிரியலோடு இரசாயனமும், பௌதிகமும், கணிதமும் வேண்டும். அவற்றினும் மேலாகப் பொறுமை வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது. ஆகவே கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறித்தான் தொடங்க வேண்டும் என்ற நிலையும் இன்று இல்லை. கற்றவர்கள் மருத்துவமனை ஆய்வுகூடங்களுக்குச் செல்லலாம். மருந்து செய்வோரிடம் செல்லலாம். நோய் தாங்கும் நெல்லினத்தை உருவாக்கும் வேளாண் ஆராய்ச்சிக்கும், குற்றத்தைத் துப்பறியும் சோதனைச்சாலைக்கும், வகுப்பறைக்கும் செல்லலாம்.

இன்னொன்றும் சொல்வோம். வியன்னாவிலே ஒரு தகப்பனார் இதே கேள்வியோடு இருந்தார். அவர் மகனுக்காக எண்ணி வைத்த ஆலை ஒரே ஆண்டில் இல்லாமற் போயிற்று. மகன் பிடிவாதமாகத் தேர்ந்துகொண்ட மூலக்கூறோ, அவருக்குப் புகலிடம் தந்தது. அவர் அறியாத தேசங்களின் குழந்தைகளுக்கு இன்று மருந்தாகவும் வந்துகொண்டிருக்கிறது. இதில் எதையும் அந்த மாணவர் 1937ஆம் ஆண்டிலே வாக்குறுதியாகத் தந்திருக்க முடியாது. தம் கையில் இருந்த பளிங்கு உலர்ந்துவிடாமற் பார்த்துக்கொள்வதே அன்று அவர் செய்யக்கூடியதாயிருந்தது. அதை அவர் செய்தார்.